வெறுங்காலில் அளவெடுத்த ஃபின்

அந்த ஃபின்ஸை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. வரட்டும் என்றுதான் பரணில் வைத்திருக்கிறேன்.

முத்துப்பேட்டைக்கு அப்பால் கடலடியில் வளரும் புல்லைக் கணக்கெடுக்கும் வேலை அது. எம்.எஸ்சி. முடித்த கையோடு வந்தது. ஸ்கூபா டைவிங் தேர்வில் தேறினால்தான் வேலை உத்தரவு கொடுப்பார்கள். எங்கள் தெருவில் மாதச் சம்பளம் வாங்கப்போகும் முதல் ஆள் நான். சிலிண்டர், முகமூடி எல்லாம் அவர்களுடையது. காலில் மாட்டி நீந்துகிற ஃபின்ஸை மட்டும் அவரவர் வாங்கி வரவேண்டும்.

அதை வாங்கச் சென்னைக்குப் போனபோது அப்பாவும் வந்தார். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா? கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். ஒன்று குதிகால் வரை மூடியது, வெறுங்காலை அப்படியே செருகிக்கொள்ளலாம். இன்னொன்று பின்பக்கம் திறந்து, பட்டை வைத்தது. அதற்கு உள்ளே ரப்பர் பூட்ஸ் வேண்டும். முதல் வகை எதிலும் என் கால் நுழையவில்லை. பள்ளி விடுமுறையெல்லாம் அம்மாவோடு சேற்றில் நாற்று நட்ட கால் என்னுடையது, விரல்கள் அகன்றே இருக்கும். “லேடீஸ் சைஸ்ல வராதுங்க” என்று கடைக்காரர் சிரித்தார். அங்கேயே அறைந்திருப்பேன்.

பட்டை வைத்ததை எடுத்துக் கொடுத்து, “பூட்ஸ் போட்டுக்கிட்டு மாட்டிப் பாருங்க” என்றார்.

அப்பா குறுக்கே விழுந்தார். “தண்ணியில யாராச்சும் செருப்போட எறங்குவாங்களா? வெறுங்கால்லயே பாரும்மா.”

படித்தவள் நான். கடைக்காரர் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் எங்கள் தெருக்காரர்கள் வாய்க்காலைக் கண்டாலே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள். வரப்பில் ஏறினாலும் அப்படித்தான். சோறு போடுகிற மண்ணுக்கும் தண்ணீருக்கும் காட்டுகிற மரியாதை என்று நம்பி வளர்ந்திருந்தேன். வெறுங்காலில் மாட்டினேன். கச்சிதமாக இருந்தது. பூட்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊருக்கு பஸ் ஏறினோம்.

தேர்வு நாளில் பயிற்சியாளர் என் காலைப் பார்த்து, “பூட்ஸ் எங்கம்மா?” என்றார். இரவல் பூட்ஸைப் போட்டால் ஃபின்னுக்குள் கால் போகவில்லை. வீம்புக்கு வெறுங்காலோடே கடலில் குதித்தேன். பட்டை குதிகாலை அறுத்தது. தளர்த்தினேன். நாலு உதை உதைப்பதற்குள் ஒரு ஃபின் கழன்றுகொண்டது. ஒற்றைக் காலில் உதைத்தால் உடம்பு சுற்றத்தான் செய்யும். சிலிண்டரைப் பிடித்து என்னைப் படகுக்குள் இழுத்துப் போட்டார்கள்.

“இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. பத்து நாள் கழிச்சு வாங்க” என்றார் பயிற்சியாளர்.

ஊருக்கு வந்தபோது அப்பா வாய்க்காலைக் கடந்து வந்துகொண்டிருந்தார். செருப்பு கையில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஒங்களாலதாம்ப்பா போச்சு! ஒங்க மரியாதைய ஒங்களோட வச்சுக்கக் கூடாதா?”

அப்பா கரையேறி நின்றார். “மரியாதைன்னு ஒனக்கு யாரு சொன்னா? மிராசுதார் பண்ணை வரப்புல, வாய்க்கால்ல செருப்போட நடந்தா கட்டி வச்சு அடிப்பாங்க. எங்கப்பாவ அடிச்சாங்க, நான் பாத்தேன். கழட்டிக் கழட்டிப் பழகிப்போச்சும்மா.”

இப்போது எனக்கு வந்த கோபம் முன்னதைவிடப் பெரியது. கூலி நெல்லுக்காகக் கொடி பிடித்துச் சிறைக்குப் போனவர் இவர். நில உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதாரிடமிருந்து எடுத்த நிலத்துக்குத் தாலுக்கா ஆபீஸ் படியேறிப் பட்டா வாங்கியவர். மேடைக்கு மேடை சுயமரியாதை முழங்கிய ஆட்சிகள் மாறி மாறி வந்தன, ஒரு கூட்டம் விடாமல் போய்க் கை தட்டினார். மிராசுதார் செத்து, அவர் வீடு பூட்டிக் கிடக்கிறது. இவர் நடந்து வந்த வரப்பே இவருடையதுதான். அதிலும் செருப்பு கையில்! பட்டணத்தில் எனக்கு ஃபின்ஸ் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது அந்தச் செத்துப்போன மிராசுதார்.

மறுவாரம் அப்பாவோடு திரும்பவும் அதே கடை. கடலில் நனைந்ததை மாற்றித் தரமாட்டேன் என்றார் கடைக்காரர். சரி, புதிதாகவே கொடுங்கள் என்றேன். முதலில் பூட்ஸ் போட்டேன். அதன் மேல் ஒவ்வொன்றாக மாட்டி, பட்டையை இழுத்து, காலை உதறிப் பார்த்தேன். நாலாவது ஜோடி அசையவில்லை. ஆண்கள் அளவுதான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அந்த ஜோடியோடுதான் பிறகு தேர்வில் தேறினேன்.

“சரியா இருக்காம்மா?” என்று அன்று கடையில் அப்பா குனிந்து என் காலைப் பார்த்தார். அப்போதுதான் அவர் காலைக் கவனித்தேன். வெறுங்கால். கடையில் நின்ற அத்தனை பேரும் செருப்போ ஷூவோ போட்டிருந்தார்கள். அப்பா மட்டும் வாசலில் கழற்றிவிட்டு வந்திருக்கிறார்.

பூட்ஸோடு வெளியே போய் அவர் செருப்பை எடுத்து வந்தேன். காலடியில் போட்டேன்.

“போட்டுக்கங்கப்பா!”

கத்திவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. அப்பா கடைக்காரரை ஒருமுறை பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்று தெரிந்த பிறகுதான் கால் நுழைத்தார்.