தைரியசாலி என்று பெயர் வாங்கினேன்

என் கணவரின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் எனக்கு ஒரே சான்றிதழைத்தான் கொடுத்துவிட்டுப் போனார்கள். தேவதானத்திலிருந்து வந்த அவருடைய சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் அவனுக்கு ஒண்ணும் தெரியாமப் பாத்துக்கிட்டியே, ஒன்ன மாதிரி தைரியசாலி யாரு தாயி இருக்கா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் தலையை ஆட்டிவைத்தேன்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை. தைரியம் வடமொழியிலிருந்து வந்தது, அசையாமல் நிலைத்து நிற்பது அதன் பொருள் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். துணிவு நம்முடைய சொல். துணிதல் என்றால் அறுபடுதல், தெளிதல், முடிவெடுத்தல். மூன்றும் எப்படி ஒரே சொல்லில் வந்தன என்று ஒரு பிள்ளை கேட்டதற்கு, தயக்கத்தை அறுத்துவிட்டால் மனம் தெளிந்துவிடும், தெளிந்த மனம்தான் முடிவெடுக்கும் என்று வாய்கிழியப் பேசினேன். அதற்கு மறுவாரம்தான் மதுரையில் டாக்டர் என்னையும் என் கொழுந்தனையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

கணையத்தில் புற்றுநோய், முற்றிவிட்டது, சில மாதங்கள்தான் என்றார். "அவர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றும் கேட்டார். என் கணவர் வெளியே பெஞ்சில், பெயர் கூப்பிடுவார்கள் என்று முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். பட்டாளத்தில் பனிமலையில் காவல் நின்றவர். ஓய்வுபெற்று வந்து ராஜபாளையத்தில் ஒரு நூல்மில்லில் செக்யூரிட்டியாக இருந்தார்.

கொழுந்தன் போலீஸ்காரர். அவர்தான் முதலில் அழுதார். "மதினி, அண்ணன்ட்ட மட்டும் சொல்லிராதீங்க. தெரிஞ்சா அன்னைக்கே படுத்துருவாரு." எங்கள் பக்கத்தில் இது வழக்கம்தான். பெரிய நோய் வந்தால் தெருவுக்கே தெரியும், படுத்திருப்பவருக்கு மட்டும் தெரியாது. நானும் சரி என்றேன். அவர் மனம் உடையும் என்பதற்காக அல்ல. அவர் முகத்தைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்ல எனக்குத் திராணி இல்லை. கோழைத்தனத்துக்கு நல்ல சாக்குக் கிடைத்தது, கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அவர் இங்கிலீஷ் படிப்பார் என்பதால் ரிப்போர்ட்டை என் பள்ளிக்கூடத்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். "குடல்புண்ணுதாங்க. மாத்திரைய வேளை தவறாமச் சாப்பிட்டா ஆறிரும்" என்று நான்தான் சொன்னேன்.

பட்டாளத்துக்காரரிடம் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டார். காலை, மதியம், ராத்திரி. மாத்திரையை விழுங்கியதும் பேனாவால் டிக் அடிப்பார். சாப்பாட்டைக் குறைத்து, மிளகாயை விட்டு, ஆசையாய்ச் சாப்பிடும் கறிக்குழம்பையும் விட்டார். குணமானதும் தான் வேலை பார்த்த மலைக்கு என்னைக் கூட்டிப்போவதாகச் சொன்னார். நான் கம்பளிச் சட்டை வேண்டும் என்று கேட்டேன். அந்த வாயை என்ன செய்வது?

தினமும் பஸ்ஸில் வரும்போது இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். ராஜபாளையம் வந்ததும் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இறங்குவேன்.

உடம்பு கட்டிலோடு ஒட்டிப்போன பிறகு ஒருநாள் சாயங்காலம் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அந்தக் காலண்டர் தாள் அவர் கையில் இருந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது, கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். கேட்டுவிடட்டும் என்றுகூட இருந்தது.

"ஏட்டி, ஒன்ட்ட ஒண்ண மறைச்சிட்டேன். போன செவ்வாக்கெழமை மதியம் மாத்திரைய முழுங்கல. வாந்தியா வந்துச்சு. ஆனா டிக் மட்டும் அடிச்சுட்டேன். அதனாலதான் கொறைய மாட்டேங்குது. நீ எம்புட்டுக் கஷ்டப்படுத, நான் கெடுத்துட்டேன். மன்னிச்சிரு."

சொல்லிவிட்டு அழுதார். இருபத்தாறு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொல்ல வேண்டிய நேரம் அதுதான்.

"பரவால்லங்க. இனிமே விடாதீங்க" என்றேன்.

நாலாம் நாள் இறந்துபோகும்வரை அவர் ஒரு வேளைகூட விடவில்லை.