லாயர் அழகப்பனின் வலது காது

பாடாங் செராய் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது மகள் போன் செய்தாள். “அப்பா, லாயர் தாத்தா போயிட்டாருப்பா.” மீனை வாங்க மறந்து, காருக்குள் வந்து உட்கார்ந்துவிட்டேன்.

லாயர் அழகப்பனை அறிந்தவர்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? இராணுவத்தில் இருந்தார். பிறகு சட்டம் படித்தார். ஒரு தவணை நம் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். எல்லையில் வெடித்த கண்ணிவெடி அவருடைய இடது காதைச் செவிடாக்கியிருந்தது. யார் வந்தாலும், “இந்தப் பக்கம் உக்காருங்க, அது ரிட்டையர் ஆன காது” என்று வலது பக்கம் நாற்காலி போடுவார். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். என் வெட்கம் பலருக்குத் தெரியாது. அதை எழுதுகிறேன்.

அவர் இரண்டாம் முறை தேர்தலில் நின்றபோது நான் எதிரணி மேடையில் பேசினேன். கைதட்டல் கேட்டதும் வாய்க்கொழுப்பு சும்மா இருக்குமா? “உங்க லாயரு தோட்ட நிர்வாகத்துகிட்ட விலைபோயிட்டாருலா!” என்று ஒலிபெருக்கியில் கத்தினேன். என்னிடம் ஒரு சான்றும் இல்லை. அவர் தோற்றார்.

மறுவருடமே கரங்கான் பக்கம் இருந்த எங்கள் தோட்டம் கைமாறியது. தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லி எல்லோருக்கும் கடிதம் வந்தது. எந்த முகத்தோடு அவரிடம் போவது? அவரே வந்தார். மழைச் சேற்றில், பழைய இராணுவக் காலணியோடு, வீடு வீடாக.

“மாணிக்கம், மாத்து வீடு கட்டித் தராம யாரையும் காலி பண்ணச் சொல்ல மாட்டேன்னு பழைய மேனேஜர் வாக்குக் கொடுத்தப்ப நீ பக்கத்துல இருந்தீல்ல? நீதான் சாட்சி.”

“அண்ணே, அன்னைக்கு மேடையில நான்...”

முகத்தைத் திருப்பி இடது காதைக் காட்டினார். “கேக்கலப்பா.”

வழக்கு விசாரணைக்கு முந்திய வாரம்தான் என்னை வலது பக்கம் உட்காரவைத்துச் சொன்னார்: “அவங்க லாயர் உன் மேடைப் பேச்சைக் கிளறுவாரு. என்னையும் காப்பாத்த வேணாம், உன்னையும் காப்பாத்திக்க வேணாம். உள்ளதைச் சொல்லு.”

கிளறினார். “அன்று சொன்னது பொய்யா, இன்று சொல்வது பொய்யா?” நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் எங்கள் லயத்துச் சனம் மொத்தமும் உட்கார்ந்திருந்தது.

“அன்னைக்குச் சொன்னதுதாங்க பொய். கைதட்டலுக்காகச் சொன்னேன்.”

எங்கள் லாயர் தலை நிமிரவில்லை. ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நீதிபதி என் சாட்சியத்தை நம்பினார். மாற்று வீடு தரும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. இன்று நாங்கள் குடியிருக்கும் வீடுகள் அப்படி வந்தவைதான்.

வெளியே வந்து மன்னிப்புக் கேட்கப் போனால், மறுபடியும் இடது காது! “பசிக்குதுடா, ரொட்டி சானாய் சாப்பிடலாம் வா” என்று தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அதன்பின் எத்தனையோ தடவை முயன்றேன். அந்தச் சொல்லை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளவே இல்லை மனுஷன்.

இன்றும் கூட்டங்களில் ஒலிபெருக்கி என் கைக்கு வந்தால், உறுதியாகத் தெரிந்ததை மட்டும் பேசுகிறேன். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அதுதான்.

செய்தி கேட்டுப் போனபோது அவர் வீட்டில் சனம் நெருக்கியடித்தது. சவப்பெட்டியைச் சுற்றிக்கொண்டு அவருடைய வலது பக்கம் போனேன். காதருகே குனிந்து, “மன்னிச்சிருங்கண்ணே” என்றேன்.

இந்த முறை அவர் முகத்தைத் திருப்பவில்லை.