நடுவில் பிறந்தவர்கள்

இருபத்தாறு வயதில் ஒரு நாவல் எழுத ஆரம்பித்தேன். பூமியிலிருந்து கிளம்பிய கப்பல் ஒன்று முந்நூறு வருஷம் கழித்து வேறொரு நட்சத்திரத்தைப் போய்ச் சேர வேண்டும். கிளம்பியவர்கள் வழியிலேயே செத்துப்போவார்கள். இறங்கப் போகிறவர்கள் இன்னும் பிறக்கவில்லை. நடுவில் எத்தனையோ தலைமுறைகள் அந்த இரும்புக்குள்ளேயே பிறந்து, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்றுச் சாக வேண்டும். நாவல் அவர்களைப் பற்றியது.

அப்போது பம்மலில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். எண்பதுகளின் கடைசி. தாம்பரத்திலிருந்து பஸ். சாயங்காலம் திரும்பும்போது என் சட்டையில் ஏறியிருக்கும் தோல் நாற்றத்துக்குப் பக்கத்து சீட்காரர் எழுந்து போய்விடுவார். கேட்டை ஒட்டி எனக்கு ஒரு சின்ன அறை. ஷிப்ட் மாறாத நேரங்களில் அங்கே உட்கார்ந்து நீள நோட்டில் எழுதுவேன்.

முதல் வாசகர் டிரம்மில் வேலை செய்தவர். தோலையும் மருந்தையும் போட்டுச் சுழற்றும் பெரிய மரப் பீப்பாய்தான் டிரம். என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் அண்ணா என்பேன். அவர் என்னை சார் என்பார், ஆனால் நீ போட்டுத்தான் பேசுவார். சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸோடு வந்து, "இன்னா சார், கப்பல் எங்க போய்க்கினு கீது?" என்று கேட்பார். நான் படித்துக் காட்டுவேன்.

ஒன்பதாம் அத்தியாயத்தில் நாலாம் தலைமுறை கலகம் செய்கிறது. கப்பலைத் திருப்பச் சொல்கிறார்கள். தலைவன் அவர்கள் இருக்கும் பகுதியைப் பூட்டிக் காற்றை நிறுத்திவிடுகிறான். நாற்பது பேர் தூங்குவதுபோல் அடங்கினார்கள் என்று எழுதியிருந்தேன். எனக்கு ரொம்பப் பிடித்த வரி அது.

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "மூச்சு முட்டி செத்தவன நீ பாத்துக்கீறியா சார்?"

"இல்லைண்ணா."

"நான் பாத்தேன். என் தம்பிய."

டேனரிக்குப் பின்பக்கம் இருந்த கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய அவர் தம்பியை இறக்கியிருக்கிறார்கள். "உள்ள எறங்குனதும் கத்த ஆரம்பிச்சான். தூக்கலாம்னு இன்னொருத்தன் எறங்குனான். அவனும் மேல வர்ல. கயிறு போட்டு இழுத்தப்போ என் தம்பி வெரல்ல நகமே இல்ல சார். செவுத்தப் பிராண்டி அத்தனையும் பிஞ்சி போச்சி. தூங்கற மாதிரியாம்!"

அந்த அத்தியாயத்தை மறுபடி எழுதினேன். நாற்பது பேரும் கத்தினார்கள், கதவைப் பிராண்டினார்கள். கதவுக்கு வெளியே காவலுக்கு நின்ற குமாஸ்தா அந்தச் சத்தம் தாங்காமல் தாழ்ப்பாளைத் திறந்துவிடுகிறான். பாதிப் பேர் பிழைக்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு, "நல்ல ஆளு சார் அவன்" என்றார்.

அடுத்த கோடையில் அதே தொட்டியில் இன்னொரு தொழிலாளி இறங்கிச் செத்தார். கல்யாணமாகி ஆறு மாதம்தான். மறுநாள் யாரும் வேலைக்கு வரவில்லை. மோட்டார் வைத்து இறை, ஆளை இறக்காதே என்று கேட்டுக்கொண்டு எல்லோரும் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டார்கள். நடுவில் அந்த அண்ணன். உள்ளே நானும் மேனேஜரும் இரண்டு சூபர்வைசர்களும்.

நாலாம் நாள் மத்தியானம் ஒரு வேன் வந்தது. அதிலிருந்து இறங்கியவர்கள் கையில் சைக்கிள் செயினும் இரும்புப் பைப்பும். இரண்டு பக்கமும் மறித்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தார்கள். ஓட வழியில்லாதவர்கள் கேட்டில் வந்து மோதினார்கள். கேட்டில் ஆள் நுழைய ஒரு சின்னக் கதவு உண்டு. அதன் தாழ்ப்பாள் என் கையில் இருந்தது.

"தொறக்காதே," என்றார் மேனேஜர். "உள்ளே விட்டா மிஷினை உடைச்சிடுவாங்க."

"சார்! கதவத் தொற சார்!" அந்த அண்ணனின் குரல். உள்ளங்கையால் தட்டுகிறார். பிறகு என் பெயரைச் சொல்லிக் கத்துகிறார். அதுவரை அவர் என் பெயரைச் சொன்னதே இல்லை. பைப் எலும்பில் விழும் சத்தம் கேட்டது. ஈரத் துணியைக் கல்லில் அடித்தாற்போல இருந்தது. கேட்டுக்கு அடியில் கால்கள் தெரிந்தன. ஒரு கால் மடங்கி விழுந்தது. ரத்தம் சிமென்ட் சரிவில் வழிந்து என் செருப்பைத் தொட்டது. தாழ்ப்பாளைப் பிடித்தபடியே நின்றேன்.

போன் பண்ண மேனேஜர் ஆபீஸுக்குப் போன பிறகுதான் திறந்தேன். அதற்குள் வேன் கிளம்பிவிட்டது. கதவில் சாய்ந்திருந்த அண்ணன் என் மேலேயே சரிந்தார். தாடை உடைந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. பேச முயன்றார். வாயிலிருந்து பற்கள்தான் வந்தன.

அந்த வாரமே வேலையை விட்டேன். ஆஸ்பத்திரி வாசல்வரை இரண்டு தடவை போய்த் திரும்பினேன்.

மூன்று மாதம் கழித்து, காலை நேரம், தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் அவர் என்னைப் பார்த்தார். நேராக வந்து அறைந்தார். அடுத்தது குத்து. உதடு கிழிந்து கீழே விழுந்தேன். வயிற்றில் உதைத்தார். கூட்டம் அவரைப் பிடித்தது.

"விடுங்க, எனக்குத் தெரிஞ்சவர்தான்," என்றேன்.

"உன் பேரச் சொல்லிக் கத்துனேன்டா. உனுக்குக் கேக்கலியா?" தாடை கோணலாக ஒட்டியிருந்ததால் வார்த்தைகள் குழறின.

மேனேஜர் பக்கத்தில் நின்றார் என்று சொல்ல வாய் வரை வந்தது. "கேட்டுதுண்ணா," என்றேன். "எல்லாம் கேட்டுது."

அவர் அப்படியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதார். கொஞ்ச நேரம் கழித்து, "கோர்ட்ல கேஸ் கீது. அங்க வந்து சொல்லு," என்றார்.

சொன்னேன். வேன், பைப், மேனேஜர் சொன்ன வார்த்தை, தாழ்ப்பாள், எல்லாவற்றையும். அடித்தவர்களில் இருவருக்கு ஜெயில். மேனேஜருக்கு ஒன்றும் ஆகவில்லை. தொட்டிக்கு மட்டும் மோட்டார் வந்தது.

நாவலில் அந்தக் குமாஸ்தா இப்போது கதவைத் திறப்பதில்லை. சாட்சி சொன்ன அன்று கோர்ட்டுக்கு எதிரே டீ குடிக்கும்போது அதை அவரிடம் சொன்னேன். உதட்டோரம் டீ வழியாமல் இருக்கத் தலையைச் சாய்த்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

"புக்கு வந்தா எனுக்குக் குடுக்காத சார்," என்றார்.

"ஏன்ணா?"

"படிச்சன்னா மறுபடியும் அடிப்பேன்."

பாதி வாயால் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.