விதி இருபத்திரண்டும் மாலுமி மன்சூரும்

சிவானந்தன் அண்ணனிடம் ஒரு ராட்சசனைக் கொடுத்தால் முதலில் அவனுக்கு வரைவிலக்கணம் எழுதுவார். அவன் எத்தனை பனை உயரம், மனித வாடை எவ்வளவு தூரத்தில் பிடிப்பான் என்பதெல்லாம் பிறகு. "இவ்விதிகளில் 'ராட்சசன்' என்பது" என்று தொடங்கினால்தான் அவருக்குக் கை ஓடும். கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் முப்பத்தொரு வருடம் கிளாக்காக இருக்கிற மனிதரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

நான் நிரோஷா. கொட்டாஞ்சேனையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து புதுக்கடையில் ஒரு நொத்தாரிசு கந்தோரில் காணி உறுதிப் பத்திரங்கள் டைப் பண்ணுகிறவள். அண்ணனின் விதிப்புத்தகத்தையும் நான்தான் டைப் பண்ணுகிறேன். ஆறு வருடத்தில் பதினொரு தடவை முதலிலிருந்து கடைசிவரை அடித்துக் கொடுத்திருக்கிறேன். அதனால் அவரைப் பற்றி நாலு வார்த்தை கேலியாகச் சொல்ல என்னைவிட உரிமை உள்ளவர் அவருடைய மனைவி சுபோதினி அக்கா ஒருவர்தான்.

விளையாட்டு இதுதான். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். கோட்டை மதிலில் ஏறுகிறேன் என்று வாயால் சொல்லிவிடலாம், ஆனால் ஏறினேனா விழுந்தேனா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை சொல்லும். எந்த இலக்கம் விழுந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு விதிப்புத்தகம் உண்டு. அண்ணனின் தங்கை மகன் வெளிநாடு போகும்போது அப்படியொரு இங்கிலீஷ் புத்தகத்தை விட்டுவிட்டுப் போனான். வேறு யாராவது என்றால் பழைய பேப்பர்க்காரனுக்குப் போட்டிருப்பார்கள். அண்ணன் அதைப் பென்சிலும் கையுமாக, பாராளுமன்றச் சட்டம் வாசிப்பது போல வாசித்தார். வாசித்துவிட்டுக் கோபப்பட்டார்.

"முன்பின் தெரியாத நாலு பேர் தவறணையில சந்திச்சு, யாரோ ஒரு கிழவன் சொன்னானெண்டு புதையல் எடுக்கப் போகினமாம். எந்தக் குடும்பத்துப் பிள்ளை தவறணையில தொடங்கும்?"

தானே தமிழில் ஒரு விதிப்புத்தகம் எழுதத் தொடங்கினார். தவறணை சத்திரமானது. காது கூரான மனிதர்கள் கந்தருவர்கள் ஆனார்கள். நெருப்புக் கக்கும் பறவைப்பாம்பை வைத்துக்கொண்டு ஒரு மாதம் யோசித்து, கடைசியில் அதன் சிறகை வெட்டிப் புதையல் காக்கும் ஐந்தலை நாகமாக மாற்றினார். அதுவரைக்கும் பிழையில்லை. வரங்கள் பற்றிய பகுதிக்கு வந்ததும்தான் மனிதர் வழி தவறினார்.

இங்கிலீஷ் புத்தகத்தில் மந்திரத்துக்கு நாளொன்றுக்கு இத்தனை என்று கணக்கு இருந்தது, மருந்துக் குளிசை மாதிரி. எங்கள் கதைகளில் அப்படி இல்லை என்றார் அண்ணன். தவம் இருக்க வேண்டும், வரம் கேட்க வேண்டும், கேட்கும்போது தெரியாமல் ஒரு ஓட்டை விட வேண்டும். அதை அப்படியே விதியாக்கினார். வரம் கேட்பவர் ஒரே வசனத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், அதில் ஓட்டை தேட அண்ணனுக்கு ஒரு கிழமை தவணை. எங்களோடு விளையாடுகிற போட்டோகொப்பிக் கடை கஜேந்திரன், இரும்பாலும் மரத்தாலும் கல்லாலும் எனக்குச் சாவு வரக்கூடாது என்று எழுதிக் கொடுத்தான். அடுத்த சனிக்கிழமையே அவன் தலையில் ஒரு தேங்காய் விழுந்தது. தேங்காய் மரமா இல்லையா என்ற வாதம் இரண்டு சனிக்கிழமை நடந்தது. அதுவரை கஜேந்திரனின் பாத்திரம் தென்னைமரத்தடியில் சாகாமலும் பிழைக்காமலும் கிடந்தது.

தேங்காயும் மரத்தில் சேர்த்திதான் என்று தேங்காய்க்கு எதிராக வாதாடி அவனை எழுப்பிவிட்டவர் பதியுதீன் நானா. நீதிமன்றத்தில் முப்பத்தைந்து வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சாட்சி தமிழில் என்ன சொன்னாலும் அதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சிங்களத்தில் நீதவானுக்குச் சொல்வார். சாட்சி இருமினால் அதையும் மொழிபெயர்ப்பார் என்று புதுக்கடையில் பகிடி பண்ணுவோம். அவருடைய பாத்திரத்தின் பெயர் மாலுமி மன்சூர். ஏழு கடலும் ஓடியவன், ஆனால் எந்தத் துறைமுகத்திலும் வழி கேட்க மாட்டான். அவனுக்காகவே அண்ணன் ஜின்களுக்கு ஒரு தனி அத்தியாயம் எழுதினார். முனிவர் கொடுக்கும் வரத்துக்கும் ஜின் தரும் மூன்று ஆசைகளுக்கும் சட்டத்தில் என்ன வித்தியாசம் என்று நாலு பக்கம். அந்த நாலு பக்கத்துக்கும் இரண்டு பேரும் மூன்று மாதம் பிளேன்டீக் கடையில் உட்கார்ந்து சண்டை பிடித்தார்கள். அவ்வளவு சந்தோஷமாகச் சண்டை பிடிக்கிற இரண்டு பேரை நான் கண்டதில்லை.

நாலு வருடம் இப்படிப் போனது. சனிக்கிழமை பின்னேரங்களில், வெள்ளவத்தையில் அண்ணனின் மூன்றாம் மாடி வீட்டில். பிறகுதான் விதி இருபத்திரண்டு வந்தது.

ராட்சசனின் உயிர் அவன் உடம்பில் இருக்காது, ஏழாம் கடலுக்கு அப்பால் ஒரு தீவில் ஒரு கிளிக்குள் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதை விதியாக்க அண்ணன் தலையை உடைத்துக்கொண்டார். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உயிர்ப்புள்ளி உண்டு, அடிபட அடிபடக் குறையும், பூச்சியமானால் சாவு. உடம்பில் உயிர் இல்லாதவனுக்கு எத்தனை உயிர்ப்புள்ளி போடுவது? கடைசியில் இப்படி எழுதினார்: உயிர் வேறிடத்தில் இருக்கும் ராட்சசனின் உடலைத் தாக்குபவரை அந்தத் தாக்குதல் திரும்பி வந்து சேரும்.

கிளியைத் தேடிப் போவோம் என்று நானும் கஜேந்திரனும் சொன்னோம். மன்சூருக்குப் பொறுமை இல்லை. வாளை உருவிக்கொண்டு ராட்சசன் மேலேயே பாய்ந்தான். பகடையில் இருபது விழுந்தது. அதைவிடப் பெரிய அடி இந்த விளையாட்டில் இல்லை. நானா சந்தோஷத்தில் கையைத் தட்டினார். அண்ணன் விதி இருபத்திரண்டை வாசித்தார். அடி முழுவதும் திரும்பி வந்து மன்சூரின் உயிர்ப்புள்ளி பூச்சியமானது.

விளையாட்டென்றால் சாவும் வரும்தான். நானா முகம் சுருங்கினாலும் அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் எங்கள் அண்ணன் அத்தோடு நின்றாரா? மன்சூரின் விவரமெல்லாம் எழுதியிருந்த தாளைக் கையை நீட்டிக் கேட்டு வாங்கினார். நாலு வருடமாக மடித்து மடித்து, தேத்தண்ணீர் பட்டு, நானாவின் பொடி எழுத்தில் கடல்களின் பெயர் நிறைந்திருந்த தாள் அது. அதன் குறுக்கே சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார். மேசை லாச்சியைத் திறந்து, கந்தோரில் தேய்ந்துபோனதென்று வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த முத்திரையை எடுத்து, "முடிவுற்றது" என்று குத்தினார். திகதி போட்டார். மூலையில் ஓட்டை போட்டு நூலில் கோத்தார். முப்பத்தொரு வருடப் பழக்கம், கை தானாகச் செய்தது. அவருக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

"நாலு வருஷம் என்னோட இருந்த ஆள் மௌத்தாப் போயிட்டான்," என்றார் நானா. "நீங்க சீல் அடிக்கிறீங்க."

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சுபோதினி அக்கா ஊற்றி வைத்த தேத்தண்ணீர் ஆடை கட்டிக் கிடந்தது.

அடுத்த மூன்று சனிக்கிழமையும் அவர் வரவில்லை. ஓய்வுக்குப் பிறகும் புதுக்கடையில் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்கிறவர், அண்ணன் சாப்பிட வரும் நேரத்துக்கு முன்னாலேயே சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். எதிரே கண்டால் மற்றப் பக்கத்துக்குக் கடந்துவிடுவார். புதுக்கடையில் அண்ணனைத் தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். கூட்டாளி என்று இருந்தது அந்த ஒருவர்தான். அது போய்விடுமோ என்ற பயம் அண்ணன் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

"போய் மன்னிப்புக் கேளுங்கண்ணே. ரெண்டு வார்த்தை," என்றேன்.

"என்னெண்டு கேக்கிறது? விதி சரிதானே."

"அப்ப மன்சூரை எழுப்பி விடுங்க. நீங்க எழுதின புத்தகம்தானே?"

"விதியில இல்லாததை நான் செய்யேலாது, நிரோஷா."

இப்படிப்பட்ட மனிதரை என்ன செய்வது? இரண்டு நாள் கழித்து ஒரு புதிய அத்தியாயத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். கதைகளில் செத்தவர்கள் சும்மா திரும்பி வருவதில்லை, யாராவது போய்ச் சாவிடம் வாதாடித்தான் கூட்டி வருகிறார்கள், அதற்கு நடைமுறை எழுதாமல் விட்டது என் பிழை என்றார். தலைப்பு: மேன்முறையீடு. யமன் என்று போட்டால் மன்சூருக்குப் பொருந்தாது என்று, இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக "மறுகரை அரசி" என்று ஒருத்தியை உண்டாக்கியிருந்தார். மனுதாரர் அவள் முன்னால் போய்த் தன் உயிர்ப்புள்ளியில் பாதியைக் கொடுத்து, பகடை உருட்டிப் பதினைந்தோ அதற்கு மேலோ எடுக்க வேண்டும். நான் டைப் பண்ணிக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர் அதற்கு ஒன்பது பக்கம் எழுதியிருந்தார்.

அதோடு ஓர் அழைப்பாணையும் அடிக்கச் சொன்னார். மாலுமி மன்சூரின் விடயத்தில் விசாரணை, சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணி, தவறாது சமுகமளிக்கவும். பதிவுத் தபாலில் போனது.

நானா வந்தார். முப்பத்தைந்து வருடம் நீதிமன்றத்தில் இருந்தவருக்கு அழைப்பாணையைத் தட்டத் தெரியாது. ஆனால் செருப்பைக் கழற்றாமல் வாசலுக்குக் கிட்ட ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எந்த நேரமும் எழும்பிப் போகலாம் என்ற இருப்பு.

எப்போதும் கதை நடத்துகிற அண்ணன் அன்றைக்கு முதன்முதலாக ஆட்டக்காரர் பக்கத்தில் இருந்தார். கதை நடத்தும் கதிரையில் சுபோதினி அக்கா. பாமன்கடையில் ஒரு பார்மசியில் மருந்து கொடுக்கிறவர். டொக்டர் எழுதியதற்கு மேல் அரைக் குளிசை கொடுக்க மாட்டார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புதிய அத்தியாயத்தை விரித்தார்.

"மனுதாரரின்ர பேர்?"

"ஒரு தோணிக்காரன்," என்றார் அண்ணன். "பேர் இன்னும் வைக்கேல்ல."

"செத்தவருக்கு நீர் என்ன முறை? மனைவி, கணவன், பிள்ளை, உடன்பிறந்தார், சீடர். இவ்வளவு பேர்தான் மனுப் போடலாம் எண்டு எழுதியிருக்கு."

ஒன்பது பக்கம் எழுதியவர், தனக்கு ஓர் இடம் வைக்க மறந்துபோயிருந்தார்.

"கூட்டாளி," என்றார் மெதுவாக.

"அது இதில இல்லையே."

கஜேந்திரன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். நானா வாசல் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் எட்டி அக்காவின் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, பேனையால் "அல்லது கூட்டாளி" என்று எழுதினார். வரைவு இல்லை, திருத்தத்துக்குப் பக்கத்தில் கையொப்பம் இல்லை. ஒரு காற்புள்ளி மாறினாலும் முழுப் பக்கத்தையும் திரும்ப அடிக்கச் சொல்கிறவர்.

"மறுகரைக்கு என்ன தருவீர்?"

"ஒரு புள்ளியை வைச்சுக்கொண்டு மிச்சம் எல்லாம்."

"பாதி போதும் எண்டுதான் இருக்கு."

"எழுதும் சுபோ."

அக்கா எழுதினார். அண்ணன் பகடையை உள்ளங்கையில் குலுக்கினார். நாலு வருடமாக நாங்கள் உருட்டுவதைப் பார்த்தவர் கண்ணை மூடிக்கொண்டு உருட்டினார். பகடை மேசையில் ஓடி, புத்தகத்தின் விளிம்பில் முட்டி நின்றது.

நாலு.

நானா மடியிலிருந்த குடையைக் கையில் எடுத்தார். எழும்பப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. இந்தத் தடவை எழும்பினால் திரும்பி வர மாட்டார் என்பதும் தெரிந்தது.

"ரயில் போனது," என்றார் அண்ணன்.

கடற்கரை ரயில் போகும்போது அந்த வீட்டில் கோப்பைகள் கிணுகிணுக்கும், மேசை ஆடும். அப்போது விழுந்த பகடை செல்லாது, திரும்ப உருட்டலாம். இது எங்களுக்குள் வழக்கம். ஆனால் ரயில் ஒன்றும் போகவில்லை. கோப்பைகள் அசையாமல் இருந்தன. கீழே யாரோ முச்சக்கரவண்டி கழுவுகிற சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. நாலு வருடத்தில் ஒரு பகடையைக்கூட மாற்றிச் சொல்லாத மனிதர், காது வரை சிவந்து, மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

சுபோதினி அக்கா கண்ணாடிக்கு மேலால் புருஷனைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "வேற ஆருக்கும் கேட்டதோ?"

நானா குடையைக் கதவில் சாத்தி வைத்தார். செருப்பைக் கழற்றினார். கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையடியில் போட்டு உட்கார்ந்தார். சாட்சி சொன்னதற்கு மேல் ஒரு சொல் கூட்டியறியாதவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எனக்குக் கேட்டது. கோட்டை ஸ்டேசன் பக்கம் போன ரயில். நல்ல சனம்."

அண்ணன் திரும்ப உருட்டினார். ஒன்பது விழுந்தது. அவர் வாயைத் திறக்குமுன் நானா, "அது திரும்பிப் போற ரயில்," என்றார்.

அன்று பின்னேரம், பதினேழு விழும்வரைக்கும், வெள்ளவத்தையால் ஆறு ரயில் போனது.