ரக்கூனுக்காக வாங்கிய ஏச்சு

என் மனைவி போர்னியோவுக்குப் போவதாகத்தான் இருந்தாள். தாயில்லாத உராங்குட்டான் குட்டிகளுக்கு மரம் ஏறப் பழக்கி, பிறகு காட்டில் விடும் இடம் ஒன்றை யூடியூப்பில் பார்த்துவிட்டு, கறி அடிப்பிடிப்பதுகூடத் தெரியாமல் அழுதாள். ஆனால் அவளுடைய முழங்கால் ஸ்காபரோவில் எங்கள் வீட்டு மாடிப்படிக்கே சம்மதிக்காது. அதனால் உராங்குட்டானுக்குப் பதில், இங்கே குப்பைத்தொட்டி கிளறித் திரியும் ரக்கூன் வந்தது.

அவள் தொண்டு செய்யும் விலங்குக் காப்பகத்தில் இடம் போதவில்லை. கார் அடித்துத் தாய் செத்துப்போன ஒரு குட்டியை எங்கள் பின்வளவில் கூடு போட்டு வளர்க்கத் தந்தார்கள். அதோடு பேசக்கூடாது, கொஞ்சக்கூடாது. மனிதருக்குப் பயப்படாத ரக்கூனைக் காட்டில் விடமாட்டார்கள், சாகும்வரை கூடுதான்.

கோடை முடியும்போது காப்பகத்திலிருந்து ஓர் இளம்பெண் சோதிக்க வந்தாள். கூட்டருகே நின்று ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். குட்டி சீறிவிட்டு, கூட்டுக்குள் நட்டிருந்த மரத்தின் மேல்கொப்பில் ஒளிந்தது. நல்ல பிள்ளை என்று அவள் மெச்சிக்கொண்டிருக்கும்போது நான் வீட்டுக் கதவைத் திறந்து, "இஞ்சாரும், தேத்தண்ணி போடட்டோ?" என்று மனைவியைக் கேட்டேன்.

குட்டி விழுந்தடித்து இறங்கி வந்து, கம்பிக்கு வெளியே இரண்டு கைகளையும் நீட்டியது.

"நான் அதோட ஒரு வார்த்தை கதைக்கேல்லை. அக்காவோடதான் கதைச்சனான்" என்றாள் மனைவி, முகம் செத்துப்போய்.

உண்மைதான். லண்டனில் இருக்கும் அக்காவை ஸ்பீக்கரில் போட்டு, ஊர்க்கதை எல்லாம் கதைத்தபடிதான் தினமும் அதற்குச் சாப்பாடு வைத்திருக்கிறாள். தமிழ் கேட்டால் சாப்பாடு வரும் என்று அது முடிவுகட்டிவிட்டது. ஸ்காபரோ முழுக்கத் தமிழ்ச் சனம். அப்படி ஒரு ரக்கூனை எங்கே கொண்டுபோய் விடுவது?

அதைப் பயப்படப் பழக்கக் கடைசியாக ஒரு தவணை தந்துவிட்டு அந்தப் பெண் போனாள். மனைவி அன்று சாப்பிடவில்லை.

அதை வெருட்டும் வேலை முதலில் எனக்கு வந்தது. என் அதட்டலைக் கேட்டு அது கையை நீட்டியது. அவள் முயன்றாள், "போடா" என்று தொடங்கியது கொஞ்சலில் முடிந்தது. அந்த நேரம் பார்த்து, நான் பூட்ட மறந்த தண்ணீர்க்குழாய் அவள் கண்ணில் பட்டது.

"உங்கட தலைக்குள்ள என்னதான் இருக்கு? தண்ணி பில்லை ஆர் கட்டுறது?"

குட்டி ஒரே பாய்ச்சலில் உச்சிக்கொப்புக்குப் போய்விட்டது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம்.

அதன்பிறகு சாப்பாட்டை வாய்திறக்காமல் வைப்பாள். பின்னேரங்களில் கூட்டடியில் என்னை நிறுத்தி ஏசுவாள். நான் செய்த குற்றங்களுக்கு ஒருநாளும் பஞ்சம் வரவில்லை. பக்கத்து வீட்டு அங்கிள் என்னைக் கண்டால் தோளில் தட்டிவிட்டுப் போவார்.

அடுத்த சோதனையில் குட்டி தேறியது. காப்பகத்துப் பெண்ணோடு ரூஜ் காட்டோரம் ஒரு சிறு கூட்டில் கொண்டுபோய்த் திறந்தோம். வெளியே வந்த குட்டி ஓடவில்லை. திரும்பி நின்று அவளையே பார்த்தது. இப்போது அவள் ஏசவேண்டும். அவளோ கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அது ஓர் அடி அவள் பக்கம் வைத்தது. காப்பகத்துப் பெண் அதைத் திரும்ப அடைக்கக் கூட்டின் கதவில் கையை வைத்தாள்.

"இஞ்சாரும், திறப்புக்கொத்தைக் காருக்குள்ள வைச்சுப் பூட்டிப்போட்டன்" என்றேன் நான்.

அவ்வளவுதான். கண்ணீர் ஒழுக ஒழுக அவள் தொடங்கினாள். குட்டி திரும்பிப் பார்க்காமல் மரத்தில் ஏறி இலைகளுக்குள் மறைந்தது. அது போன பிறகும் அவள் நிறுத்தவில்லை.

திறப்புக்கொத்து என் சட்டைப்பைக்குள்தான் இருந்தது. அவள் ஏசி முடியும்வரை நான் சொல்லவில்லை.