கயிற்றுப் பாலத்தின் நடுவில் துலுக்கானம்

பாடியில் இரும்பு வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான் துலுக்கானம். கூரையை ஒட்டி இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை ஓடுகிற பெரிய கிரேன். அதில் தொங்கும் தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்து, உருகிய இரும்பு தளதளக்கும் வாளியைத் தூக்கிக்கொண்டுபோய் அச்சுகளுக்குப் பக்கத்தில் சிந்தாமல் இறக்க வேண்டும். சென்னீர்குப்பத்தில் அவனுடைய அப்பாவும் சித்தப்பாக்களும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் ஒருவன் அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து யந்திரம் ஓட்டுகிறான் என்பதில் தெருவுக்கே பெருமை. மேலே இருக்கிற ஆள் என்றுதான் அவனைச் சொல்வார்கள்.

கீழே நின்று அவனுக்குக் கை காட்டுபவன் ஹுமாயூன், பூந்தமல்லிக்காரன். உலைச் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது. விரித்த உள்ளங்கை அசைந்தால் மெதுவாக வா, முஷ்டி மூடினால் நில். துலுக்கானம் அந்தக் கைகளைப் பார்த்தேதான் வேலை செய்தான்.

ஒரு மழைநாள் காலையில், கூண்டுக்கு ஏறும் இரும்பு ஏணியில் எண்ணெய்ப் பிசுக்கு பட்டு அவனுக்குக் கால் வழுக்கியது. ஒற்றைக் கையில் தொங்கினான். எப்படியோ காலை ஊன்றி ஏறிவிட்டான். யாரும் பார்க்கவில்லை, அடியும் படவில்லை. ஆனால் அன்றிலிருந்து உயரம் என்றாலே அவனுக்குக் குலை நடுங்கியது. கூண்டுக்குள் உட்கார்ந்த பிறகும் சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டிருக்கும். சொன்னால் வேலை போய்விடும், போகாவிட்டாலும் மானம் போய்விடும் என்று இரண்டு வருஷமாக வாயே திறக்கவில்லை. மனைவி நாகவல்லிக்குக்கூடத் தெரியாது.

எழுபத்து நாலில், பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொழிற்சாலையிலிருந்து ஒரு கூட்டம் நாகலாபுரத்து மலைக்காட்டுக்குக் கிளம்பியது. ஏற்பாடு செய்தவர் உத்தமன். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, இங்கே காவலர்களுக்குத் தலைவராக இருந்தவர். விடுமுறை நாளில் ஆட்கள் சீட்டாடிக் கெட்டுப்போகிறார்கள் என்பது அவருடைய கவலை. மலை ஏறலாம், அருவியில் குளிக்கலாம் என்றுதான் சொல்லியிருந்தார். துலுக்கானமும் அதை நம்பித்தான் லாரியில் ஏறினான். ஆவடி தாண்டி, ஊத்துக்கோட்டையில் டீ குடித்து, காட்டு ஓரத்தில் இறங்கினார்கள்.

பாதி நாள் நன்றாகவே போனது. மரங்கள் தலைக்கு மேல் கூடிக்கொண்டு வெயிலை மறைத்தன. தொடை தடிமனுக்குக் கொடிகள் மரத்துக்கு மரம் தாவியிருந்தன. குட்டையில் காலை வைத்தால் சின்ன மீன்கள் வந்து கடித்தன. ஃபோர்மேன் சண்முகசுந்தரம் பாசியில் வழுக்கி, சட்டை செருப்போடு தண்ணீருக்குள் போய் விழுந்தார். எழுந்து அவரே முதலில் சிரித்ததால் மற்றவர்களும் தைரியமாகச் சிரித்தார்கள். துலுக்கானம் வெகுநாளைக்குப் பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு உத்தமன் கயிறுகளை எடுத்தார். ஓடை இரண்டு பாறைகளுக்கு நடுவே ஆழமாகப் போகிற இடம் அது. இக்கரை மரத்துக்கும் அக்கரை மரத்துக்கும் கீழே ஒரு கயிறு, மார்பு உயரத்தில் ஒரு கயிறு கட்டினார். கீழ்க்கயிற்றில் கால், மேல்கயிற்றில் கை. இடுப்பைச் சுற்றி ஒரு கயிறு கட்டி மேல்கயிற்றோடு மாட்டிவிடுவார், அதனால் கை தவறினாலும் கீழே விழ முடியாது. பட்டாளத்தில் இதுதான் முதல் பாடம் என்றார்.

முதலில் யார் என்ற கேள்வியே எழவில்லை. எல்லோரும் துலுக்கானத்தைப் பார்த்தார்கள். ஒருவன் அவன் முதுகில் தட்டி முன்னே தள்ளினான். மாட்டேன் என்று சொல்ல வேண்டிய நேரம் அதுதான். ஆனால் வாய் வரவில்லை. உத்தமன் இடுப்பில் கயிறு கட்ட வசதியாகக் கைகளைத் தூக்கிக் கொடுத்தான்.

நடுப்பாதி வரை பல்லைக் கடித்துக்கொண்டு போய்விட்டான். அங்கே கீழ்க்கயிறு லேசாக ஆடியது. குனிந்து பார்த்தான். பாறைகளுக்கு நடுவே வெள்ளையாகத் தண்ணீர் புரண்டு ஓடியது. அவ்வளவுதான், கால் அவன் சொன்னபடி கேட்கவில்லை. மேல்கயிற்றை மார்போடு அணைத்துக்கொண்டு கண்ணை இறுக மூடி நின்றுவிட்டான். வேண்டுமென்றே விளையாட்டுக் காட்டுகிறான் என்று கரையில் ஒருவன் விசில் அடித்தான். கயிறு முழுக்க அவன் நடுக்கத்தில் துடிப்பதைப் பார்த்ததும் விசில் நின்றது. உத்தமன் தைரியம் சொல்லிக் கத்தினார். அது துலுக்கானத்தின் காதில் விழவேயில்லை.

ஹுமாயூன் சற்றுக் கீழே, ஓடை அகன்று ஓடிய இடத்தில் மார்பளவுத் தண்ணீரில் இறங்கி அக்கரை ஏறினான். பாறையில் கையூன்றி மேலே வந்து துலுக்கானத்துக்கு நேர் எதிரே நின்றான்.

"மச்சான், கீழ பாக்காத. என் கைய மட்டும் பாரு" என்றான்.

துலுக்கானம் கண்ணைத் திறந்தான். ஹுமாயூன் உள்ளங்கையை விரித்து மெதுவாகத் தன் பக்கம் அசைத்தான். துலுக்கானத்தின் கால் ஒரு சாண் நகர்ந்தது. முஷ்டி மூடியது, நின்றான். மூச்சு வாங்கியதும் மறுபடி உள்ளங்கை விரிந்தது. அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தான். ஹுமாயூன் அவன் சட்டையைப் பிடித்துப் பாறைமேல் இழுத்துப் போட்டான்.

அப்படியே மல்லாந்து கிடந்தான் துலுக்கானம். பிறகு, ரெண்டு வருசமா ஏற முடியலடா என்று சொன்னான்.

"தெரியும்" என்றான் ஹுமாயூன், லுங்கியைப் பிழிந்தபடி. "ஏணில பாதில நின்னு கண்ண மூடிக்கினு அப்பால ஏறுவே. கீழ நிக்கிறவனுக்கு வேற இன்னா வேல, உன்னத்தான பாத்துகினு கீறேன்?"

"அப்ப இன்னாத்துக்குடா கேக்கல?"

"கேட்டா இல்லேம்பே. அப்பால என்னாண்டயும் சேத்து மறைக்கணும் நீ."

சண்முகசுந்தரமும் தண்ணீர் வழியாகவே வந்து சேர்ந்தார். துலுக்கானம் எழுந்து நின்று, இனி மறைப்பதற்கு என்ன இருக்கிறது என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவர் முகம் வெளுத்தது. வாளி தொங்கும்போது இப்படி ஆகியிருந்தால் என்று கேட்டார்.

"அத்தான் சார் தெனம் நெனச்சிகினு ஏறுவேன்."

அவர் குனிந்து, அவன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டார். "நாளைலேந்து நீ ஏற வேணாம். கீழயும் வேல கீது. இத மின்னாடியே சொல்லியிருக்கலாம்யா" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை திட்டவில்லை.

திரும்பும்போது துலுக்கானம் ஹுமாயூனின் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே நடந்து இக்கரை வந்தான். யாரும் கேலி செய்யவில்லை. அடுத்து ஏற இருந்த இரண்டு பேர், எங்களுக்கும் கயிறு வேண்டாம் அண்ணாத்தே என்று உத்தமனிடம் நழுவிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து நாகவல்லியிடம் சொன்னான். அவள் சோறு போடுவதை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவன் உடம்பு இளைப்பதையும் தூக்கத்தில் காலை உதறுவதையும் பார்த்து, ஏதோ தீராத நோய் வந்துவிட்டது, தன்னிடம் மறைக்கிறான் என்று அவள் மாதக்கணக்கில் தனியாக அழுதுகொண்டிருந்தாளாம்.

"இவ்ளோதானா?" என்று கேட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை. அவனுக்கும் வந்தது.

திங்கட்கிழமை அவனை அச்சு மணல் பிசையும் பகுதிக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாள் சிலர் அவனைத் தரை ஆள் என்று கூப்பிட்டார்கள். அவனும் இன்னா என்று கேட்டபடி திரும்பினான், பிறகு அவர்களுக்கே சலித்துவிட்டது. முதல் நாள் வேலை முடிந்து மண்வெட்டியைச் சாய்த்து வைத்தபோது, முழங்கால் வரை கரி மணல் அப்பியிருந்தது. குழாயடியில் உட்கார்ந்து, அவசரமே இல்லாமல் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான்.