ஆனி மாதத்து அப்டேட்

கல்யாணத் தரகில் வடிவம்மாளுக்கு இருபத்திரண்டு வருட அனுபவம். ஒரு காலத்தில் ஜாதகங்களை ஜவுளிக்கடைப் பையில் சுமந்து தென்காசித் தெருக்களில் நடந்தவள். இப்போது அறுநூற்றுச் சொச்சம் ஜாதகமும் போட்டோவும் போனுக்குள் இருக்கின்றன. நாலு வருடத்துக்கு முன் ஐந்தருவிக்குக் குளிக்கப் போன இடத்தில் போன் தண்ணீரோடு போய், மூன்று மாதம் தொழிலே படுத்துவிட்டது. அன்றிலிருந்து இரண்டு கட்டுப்பாடு வைத்துக்கொண்டாள். ஞாயிறு சாயங்காலம் எல்லாவற்றையும் பென் டிரைவில் ஒரு நகல், இணையக் கணக்கில் ஒரு நகல் எடுத்துவிடுவாள். புது அப்டேட் வந்தால் ஆடி பிறக்கும்வரை தொடமாட்டாள். ஆடியில் யாரும் பெண் பார்க்கக் கிளம்புவதில்லை. போன் மக்கர் பண்ணினாலும் பாதகமில்லை.

இந்த வருடம் ஆனியிலேயே வினை வந்தது. ஒரு புதன்கிழமை காலை அவள் குளிக்கப் போயிருந்த நேரம், போலீஸிலிருந்து ஓய்வு பெற்ற கணவர் நம்பிராஜன், திரையில் ஓயாமல் வந்த அறிவிப்பில் எரிச்சலாகி 'சரி' என்று அமுக்கிவிட்டார். பாதியில் நின்றதுபோலத் தெரியவும் பொத்தானைப் பிடித்து அணைத்தும் விட்டார். அதன்பின் போன் கம்பெனிப் பெயரைக் காட்டும், அணையும், மறுபடி காட்டும். அவ்வளவுதான்.

வடிவம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். சாரலில் குடையைப் பிடித்துக்கொண்டு சனோபரின் சர்வீஸ் கடைக்குப் போனாள்.

சனோபர் அரைமணி நேரம் போராடிப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"எக்கா, முழுசா அழிச்சுட்டு மறுபடி ஏத்துனாத்தான் போன் எந்திரிக்கும். உள்ள இருக்கது ஒண்ணும் மிஞ்சாது."

"அழி."

"ஒங்க பொழப்பே இதுக்குள்ளதான கிடக்கு?"

"நகல் வச்சிருக்கேம்லா. நீ பயப்படாம அழி தாயி."

போன் எழுந்தது. இணையக் கணக்கைத் திறக்கும் எண் வரவேண்டுமே என்று, அவளுடைய சிம்மைத் தன் போனில் போட்டு வாங்கிக் கொடுத்தாள் சனோபர். பாஸ்வேர்டு வடிவம்மாளுக்கு மனப்பாடம். மத்தியானத்துக்குள் ஜாதகங்கள் வரிசையாக வந்து இறங்கின. "கடைக்கு வாரவங்க பூரா இங்கன நின்னு அழுதுட்டுத்தான் போவாங்க. நீங்க ஒருத்தரு சிரிக்கியளே!" என்றாள் சனோபர்.

ஞாயிற்றுக்குப் பிறகு வந்த பதினோரு ஜாதகங்கள் மட்டும் போனது போனதுதான். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு மறுபடி அனுப்பச் சொன்னாள். வீரகேரளம்புதூர் சண்முகசுந்தரியும், பட்டாளத்தில் இருக்கும் மகன் செந்தில்வேலின் ஜாதகத்தை உடனே அனுப்பினாள். வடிவம்மாள் அதைப் பார்த்தாள், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள், திரும்பக் கூப்பிட்டாள்.

"மதினி, இதுல பொறந்த நேரம் ஆறே காலுன்னு போட்டிருக்கு. திங்கக்கெழம அனுப்புனதுல நாலே முக்காலுல்லா?"

"அந்த ஜாதகந்தான் அழிஞ்சு போச்சுன்னியளே..." என்று மெல்ல இழுத்தாள் சண்முகசுந்தரி.

"போனுலதான் அழிஞ்சுது, மதினி. எனக்கு மறக்கல."

சண்முகசுந்தரி உள்ளதைச் சொல்லிவிட்டாள். "செவ்வாய் தோசம்னு மூணு எடம் தட்டிப் போச்சு. ஜோசியருதான் நேரத்தை மாத்திப் போட்டுத் தந்தாரு."

"அதுக்காவ பொய் எதுக்கு? செவ்வாய் உள்ள பொண்ணு எங்கிட்ட ஏழு பேரு இருக்கு. நெசத்த அனுப்புங்க, மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

நாலே முக்கால் ஜாதகம் வந்து சேர்ந்தது. அந்த ஏழு பேரில் சுந்தரபாண்டியபுரத்து முத்துச்செல்வியின் ஜாதகம் கச்சிதமாகப் பொருந்தியது. ஆவணியில் கல்யாணம். பந்தியில் வடிவம்மாள் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோதே, பக்கத்து இலைக்காரர்கள் இரண்டு பேர் அவளுடைய நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.